பழைய நாளிதழ் நறுக்குகளைக் காப்பது எப்படி

அப்பாவின் இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்த காக்கி உறையைப் பிரித்தபோது, உள்ளிருந்த நாளிதழ் நறுக்குகளில் ஒன்று என் விரல்களுக்கிடையிலேயே இரண்டாகிப்போனது. அது கிழியவில்லை, காய்ந்த சருகைப் போல உடைந்தது. அப்பா தம் வாழ்நாளில் ஆசிரியருக்கு எழுதி அச்சில் வந்த ஒரே கடிதம் அது. மொத்தம் பதினோரு வரிகள். பெயரின் முதலெழுத்தை அச்சில் மாற்றிப் போட்டிருந்தார்கள். அதை நீல மையால் அடித்துவிட்டு, மேலே தம் கையாலேயே சரியான எழுத்தை அப்பா எழுதி வைத்திருந்தார். நறுக்கில் நாளிதழின் பெயரும் இல்லை, தேதியும் இல்லை, பக்க எண்ணும் இல்லை.

அந்த உறையை வைத்துக்கொண்டு நான் செய்த தவறுகளும், பிறகு கேட்டும் படித்தும் திருத்திக்கொண்ட முறைகளும் இங்கே இருக்கின்றன. அச்சு நாளிதழ் வீட்டுக்கு வருவது நின்றுபோன குடும்பங்களிலும் இப்படி ஓர் உறை எங்காவது இருக்கும். அதைத் திறப்பதற்கு முன்பே இதைப் படித்துவிட்டால் நல்லது.

நாளிதழ்த்தாள் ஏன் இப்படி நொறுங்குகிறது என்பது தெரிந்தால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை தாள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்துதான் தயாரானது. 1844 வாக்கில் ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் கெல்லரும் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் சார்லஸ் ஃபெனர்ட்டியும் மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்யும் வழியைத் தனித்தனியே கண்டறிந்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் நாளிதழ்கள் அந்த மலிவான தாளுக்கு மாறின. மரத்தை அப்படியே அரைக்கும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருளும் கூழிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டுப் பழுப்பேறுவது அந்த லிக்னின்தான். கூடவே தாளுக்குள் இருக்கும் அமிலம், தாளுக்கு வலுவைத் தரும் செல்லுலோஸ் இழைகளைச் சிறுகச் சிறுக அறுத்துவிடுகிறது. 1790களில் வெளிவந்த ஓர் இதழ் இன்றும் வெளுப்பாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்க, 1920களின் இதழ் தொட்டால் உதிர்வது இதனால்தான். மறுநாளே பழசாகிவிடும் ஒரு பொருளுக்கு நூறாண்டு நிற்கும் தாள் எதற்கு என்ற அச்சகக் கணக்கில் பிழையில்லை. அதைப் பெட்டிக்குள் வைத்துக் காக்க ஒருவர் இருப்பார் என்பது மட்டுமே அந்தக் கணக்கில் சேரவில்லை.

ஆகவே நம்முடைய வேலை, பழுத்த தாளை மறுபடி வெள்ளையாக்குவது அன்று. அது முடியவும் முடியாது. இருக்கும் நிலையிலேயே அதன் அழிவை மெதுவாக்குவதும், அதற்குள் அதிலுள்ளதை வேறிடத்தில் பதிந்துகொள்வதும்தான் நாம் செய்யக்கூடியவை.

முதல் வேலை: பிரிப்பது

மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய மேசையைத் துடைத்து, அதன் மேல் சுத்தமான வெள்ளைத் தாளை விரித்துக்கொள்ளுங்கள். கையை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தால் போதும். பருத்திக் கையுறை போட்டால் விரலுக்கு உணர்வு குறைந்து, உடையும் நிலையிலுள்ள ஓரங்கள் நூலில் மாட்டிக்கொள்ளும். நறுக்கைக் கையால் தூக்காமல், அதன் அடியில் ஒரு கெட்டித்தாளை மெல்ல நுழைத்து, அந்தத் தாளோடு சேர்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

மடிப்பில்தான் முதல் ஆபத்து இருக்கிறது. நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் அடிக்கோல் வைத்ததுபோல் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். சிறு வயதில் இதைப் பலரும் விளையாட்டாகச் செய்து பார்த்திருப்போம். தாள் இயந்திரத்தில் ஓடும்போது இழைகள் ஓடும் திசையிலேயே படிந்துவிடுவதுதான் காரணம். இழைகளின் போக்கிலேயே விழுந்த மடிப்பு சற்றுத் தாங்கும். இழைகளுக்குக் குறுக்கே, அதாவது பக்கத்தின் நடுவில் கிடையாக விழுந்த மடிப்பு முதலில் உடையும். எனவே கிடைமடிப்பை எக்காரணம் கொண்டும் அவசரமாகப் பிரிக்காதீர்கள்.

விறைத்துப்போன நறுக்கை இளக்குவதற்கு ஒரு வழி உண்டு. மூடியுள்ள ஓர் அகலமான பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஈரத்துணியைப் பிழிந்து விரித்து, அதன் மேல் ஒரு கம்பித் தட்டை வைத்து, துணியில் படாதபடி நறுக்கைத் தட்டின் மேல் கிடத்தி மூடிவிட வேண்டும். சில மணி நேரத்தில் காற்றின் ஈரத்தை வாங்கித் தாள் சற்று இளகும். அப்போது மடிப்பைப் பிரித்து, மை உறிஞ்சும் இரண்டு தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி உலரவிடலாம். ஆனால் பேனா மையால் எழுதிய நறுக்கு என்றால் இந்த முறை வேண்டாம். ஈரம் பட்டால் மை பரவும். அப்பாவின் நீலத் திருத்தத்துக்காகவே அந்தக் கடிதத்தை நான் இளக்காமல், உடைந்த இரண்டு துண்டுகளாகவே விட்டுவிட்டேன்.

செய்யக்கூடாதவை

பசைநாடா கூடாது. உறையில் இருந்த வேறு சில நறுக்குகளை அப்பா நாடாவால் ஒட்டி வைத்திருந்தார். நாடாவின் மேல்படலம் எப்போதோ கழன்று விழுந்திருந்தது, ஆனால் பசை மட்டும் தாளுக்குள் ஊறி, எண்ணெய் பட்ட இடம்போல மஞ்சளாகவும் ஒளி ஊடுருவுவதாகவும் ஆகியிருந்தது. இப்படி ஊறிய பசையை வீட்டில் எடுக்க முயன்றால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். ஒட்டித்தான் ஆக வேண்டுமென்றால், நீண்ட இழைகள் கொண்ட மெல்லிய ஜப்பானியத் தாளைக் கீற்றாகக் கிழித்து, கோதுமை ஸ்டார்ச் பசையை மிகக் குறைவாகத் தடவிப் பின்பக்கத்தில் ஒட்டுவதே காப்பகங்களில் செய்யும் முறை. அதன் சிறப்பு ஒட்டுவதில் மட்டும் இல்லை. நாளை வேறொருவர் வேண்டாமென்று நினைத்தால் ஈரம் காட்டி எடுத்துவிடவும் முடியும்.

லேமினேஷன் அறவே கூடாது. ஓட்டப்பந்தயத்தில் ஓடிய என் தங்கையின் படம் வந்த பக்கத்தை நான் ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து வாங்கினேன். அன்றைக்கு அது பளபளப்பாகத்தான் இருந்தது. இன்று உள்ளே தாள் தேன் நிறமாகிவிட்டது, பிரிக்கவும் வழியில்லை. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக் இனித் தாளை விடாது. அமிலமும் உள்ளேயே இருந்து வேலை செய்கிறது. கெட்டியாகச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு ஒரு பொருளைக் கெடுப்பதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊக்கு, கிளிப், ரப்பர் பட்டை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்; துரு தாளைத் துளைக்கும். பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். இராமபாணப் பூச்சிக்குத் தீர்வு ஈரமும் தூசியும் சேராமல் பார்ப்பதுதான். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசையிருந்தால் நகலை மாட்டுங்கள். அமிலத்தை நீக்குவதாகச் சொல்லி நறுக்கை ஏதேதோ கரைசல்களில் நனைக்கும் வீட்டு முறைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். பழுத்த நாளிதழ்த்தாள் ஈரத்தில் கூழாகிவிடக் கூடும் என்பதால் நான் அதன் பக்கமே போகவில்லை.

எதை மூலமாக வைப்பது

எல்லாவற்றையும் காக்க யாராலும் முடியாது. ஒரு செய்தியை மீண்டும் படிக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கம் என்றால், முதலில் பெரிய நூலகத்தின் நுண்படத் தொகுப்பிலோ (பக்கங்களை மிகச் சிறிதாகப் படமெடுத்து வைத்த பிலிம் சுருள்கள்) எண்ணிமத் தொகுப்பிலோ அது இருக்கிறதா என்று பாருங்கள். 1935இலிருந்தே நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழ்கள் நுண்படச்சுருளில் பதிவாகி வருகின்றன. ஆனால் பழைய நுண்படங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. வண்ணப் படத்தொடரும் வண்ண விளம்பரமும் அவற்றில் சாம்பல் நிறமாகத்தான் கிடைக்கும். நுண்படம் எடுத்த பிறகு மூல இதழ்களைக் கழித்துவிட்ட நூலகங்களும் உண்டு என்பதால், வண்ணப் பக்கம் உங்களிடம் இருந்தால் அதை அலட்சியமாகப் போட்டுவிட வேண்டாம்.

கையெழுத்து, அடிக்கோடு, பாதி நிரப்பிய குறுக்கெழுத்துக் கட்டம், ஓரத்தில் போட்ட கூட்டல் கணக்கு ஆகியவை எந்த நூலகத்திலும் கிடைக்காதவை. அப்படிப்பட்டவற்றை மூலமாகவே வைக்க வேண்டும்.

முழு இதழாகச் சேர்ப்பவர்கள் இப்போது பெரும்பாலும் சேர்ப்பது கடைசி இதழ்களை. வியன்னாவில் 1703இல் தொடங்கிய வீனர் சைட்டுங் 2023 ஜூன் 30 அன்று அச்சு நாளிதழாக வெளிவருவதை நிறுத்திக்கொண்டது. பிரிட்டனின் இண்டிபெண்டன்ட் 2016 மார்ச்சில் அச்சிலிருந்து விலகியது. இத்தகைய இதழை வாங்குபவர்கள் அதை வந்த மடிப்போடு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைத்துவிடுகிறார்கள். வாங்கிய அன்றே விரித்துவைப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

பழைய புகழ்பெற்ற இதழ் ஒன்று பரம்பரையாக வந்திருக்கிறது என்றால் சற்று நிதானிக்கவும் வேண்டும். அமெரிக்க அதிபர் லிங்கன் சுடப்பட்ட செய்தி வந்த 1865 ஏப்ரல் 15 தேதியிட்ட நியூயார்க் ஹெரால்ட், நினைவுப்பொருளாகப் பிற்காலத்தில் பலமுறை மறுஅச்சு செய்யப்பட்ட இதழ். கந்தல்தாள் காலத்து இதழ் என்று சொல்லப்படுவது மரக்கூழ்த்தாள்போலப் பழுத்து நொறுங்கினால், அது பிற்கால நகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

தேதியில்லாத நறுக்குக்குத் தேதி கண்டுபிடிப்பது

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நறுக்கை வெட்டியவர் முன்பக்கத்தைத்தான் பார்த்து வெட்டுவார். பின்பக்கம் தற்செயலாக உடன் வரும். அந்தத் தற்செயலில்தான் தடயம் இருக்கும்.

அப்பாவின் கடிதத்துக்குப் பின்னால் பாதி அறுபட்ட ஓர் அறிவிப்பு இருந்தது. ஏதோ ஏலத்தைப் பற்றியது. அதில் "மார்ச் 14, வெள்ளிக்கிழமை" என்பது மட்டும் முழுதாகத் தெரிந்தது, ஆண்டு கத்தரிக்கோலுக்குப் போய்விட்டது. ஆனால் தேதியும் கிழமையும் சேர்ந்து கிடைத்தாலே ஆண்டுகள் வடிகட்டப்பட்டுவிடும். 1960க்கும் 2005க்கும் இடையில் மார்ச் 14 வெள்ளிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1969, 1975, 1980, 1986, 1997, 2003 ஆகியவை. பழைய நாட்காட்டியைப் புரட்டியோ, தொலைபேசியில் உள்ள நாட்காட்டியைப் பின்னோக்கி நகர்த்தியோ இதை எவரும் பார்க்கலாம். கடிதத்தின் கீழே இருந்த முகவரியில் நாங்கள் குடியிருந்தது 1978 முதல் 1983 வரை. மிஞ்சியது 1980 மட்டும்தான். அறிவிப்பு ஏலத்துக்கு முன்னால்தான் வந்திருக்க வேண்டும் என்பதால், 1980 மார்ச்சின் முதல் இரண்டு வாரங்கள் அல்லது பிப்ரவரி என்று பென்சிலால் குறித்துக்கொண்டேன். நூலகத்தில் அந்தச் சில வாரத்து இதழ்களை மட்டும் பார்த்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

அச்சின் தன்மையும் உதவும். விரல் நுனியால் பின்பக்கத்தைத் தடவும்போது எழுத்துகளின் தடம் புடைப்பாகத் தட்டுப்பட்டால், உருப்பெருக்கிக் கண்ணாடியில் எழுத்தின் விளிம்பில் மை பிதுங்கிய கோடு தெரிந்தால், அது அச்செழுத்து நேராகத் தாளை அழுத்திய காலத்தது. தடமில்லாமல் வழவழப்பாக இருந்தால், ரப்பர் உருளை வழியாக மையைத் தாளில் ஏற்றும் ஆஃப்செட் அச்சு. உலகின் பல நாளிதழ்கள் 1960கள், 70களுக்குப் பிறகே அதற்கு மாறின. முழுப் பக்கமாக இருந்தால் விளிம்புகளையும் பாருங்கள். மேலும் கீழும் ரம்பப்பல்போல வெட்டும், ஓரத்தில் வரிசையாக ஊசித்துளைகளும் இருந்தால், அது சுழல் அச்சு இயந்திரத்தின் மடிப்புப் பகுதி விட்டுச் சென்ற அடையாளம். பக்கத்தைச் செதுக்கி அழகாக்க நினைக்கும்போது முதலில் போவது இந்த ஓரம்தான்.

எந்தப் பதிப்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தேதியிட்ட நாளிதழ் எல்லாப் பதிப்பிலும் ஒன்றாக இருக்காது. 1948 நவம்பர் 3 தேதியிட்ட சிகாகோ டிரிபியூனின் தொடக்கப் பதிப்பு, அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று தலைப்பிட்டு வந்தது. வென்றவர் ட்ரூமன், பின் பதிப்புகளில் தலைப்பு மாறியது. அந்த நாளின் இதழைத் தேடிப்போகும் ஒருவர் பிந்தைய பதிப்பைப் பார்த்தால், புகழ்பெற்ற அந்தத் தலைப்பைக் காணவே மாட்டார்.

நகல் எடுப்பது

ஸ்கேனரில் வைக்கும் முன் நறுக்கின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை வையுங்கள். நாளிதழ்த்தாள் மெல்லியது என்பதால் வெள்ளை மூடியின் கீழ் பின்பக்க எழுத்துகள் நிழலாகத் தெரியும். கறுப்புத் தாள் அதை அடக்கிவிடும். இந்தச் சின்ன வித்தை தெரியாமல் நாற்பது நறுக்குகளை ஒருமுறை வீணாக ஸ்கேன் செய்தேன். எழுத்துக்கு அங்குலத்துக்கு 400 புள்ளிகள் போதும், படங்களுக்கு 600 வையுங்கள். நாளிதழ்ப் படங்கள் புள்ளிகளால் ஆனவை. ஸ்கேனரின் புள்ளிகளோடு அவை மோதும்போது அலை அலையாகக் கோலம் விழும். அப்படி விழுந்தால் மென்பொருளில் உள்ள டீஸ்கிரீன் வசதியை நகலுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், மூலக் கோப்பை அப்படியே விட்டுவிடுங்கள். மூலக் கோப்பு டிஃப் வடிவிலும், பிறருக்கு அனுப்புவது ஜேபெக் வடிவிலும் இருக்கட்டும். கறுப்பு வெள்ளை நறுக்கையும் வண்ணத்திலேயே எடுங்கள். பழுப்பு நிறமும், அப்பாவின் நீல மையும் அதில்தான் தெரியும்.

பெரிய பக்கம் என்றால் ஸ்கேனருக்காக மடிக்க வேண்டாம். தரையில் விரித்து, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, நேர்மேலிருந்து கேமராவில் எடுத்தால் போதும். கோப்பின் பெயரை ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற வரிசையில் வையுங்கள்; கணினி தானே காலவரிசையில் அடுக்கிவிடும். பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள். காப்புரிமை உள்ள செய்தியை வீட்டில் வைத்துக்கொள்வதும், பொதுவில் வெளியிடுவதும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைக்கும் இடம்

நாங்கள் நாளிதழ் படித்த நாட்களில் விரலில் கறுப்பு ஒட்டிக்கொள்ளும், அந்தக் கையோடு வெள்ளைச் சுவரைத் தொட்டதற்காக எனக்குத் திட்டும் விழுந்திருக்கிறது. அந்த மை பெயின்ட் போல இறுகி உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெயைத் தாள் உறிஞ்சிக்கொள்ள, கரி மேலே நிற்கிறது. எனவே இரண்டு நறுக்குகளை முகத்தோடு முகம் வைத்து அடுக்கினால் ஒன்றின் எழுத்து மற்றதில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் இடையில் அமிலமற்ற, முடிந்தால் கால்சியம் கார்பனேட் கலந்த தாளை வையுங்கள்; அது அமிலத்தை உறிஞ்சவும் செய்யும். நறுக்குகளைப் புகைப்படங்களோடும் கடிதங்களோடும் சேர்த்து வைக்காதீர்கள். நாளிதழின் அமிலம் பக்கத்தில் இருக்கும் தாளுக்கும் பரவி, நறுக்கின் வடிவிலேயே பழுப்புக் கறையை விடும். ஆல்பத்தில் நடுவில் வைத்த நறுக்கின் நிழலை எதிர்ப்பக்கத்தில் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடிக்கடி எடுத்துப் பார்க்கும் நறுக்குக்குப் பாலியெஸ்டர் உறை நல்லது, பிவிசி உறை கூடாது. பாலியெஸ்டரிலும் பின்னால் அமிலத்தை உறிஞ்சும் காரத்தன்மையுள்ள அட்டை ஒன்றை வைத்து, ஓரத்தைத் திறந்தே விடுங்கள். நாலாபக்கமும் மூடினால் அமிலம் வெளியேற வழியில்லாமல் தாள் இன்னும் வேகமாகக் கெடும். பெட்டியைப் படுக்கைவாட்டில், வெளிச்சம் படாத அறையில் வையுங்கள். மாடிப் பரண் சூடு, நிலவறை ஈரம், இரண்டும் ஆகாது. 20 டிகிரியை ஒட்டிய வெப்பமும், 35 முதல் 50 விழுக்காடு ஈரப்பதமும் சிறந்தவை. அது எட்டாத இடங்களில் அலமாரியின் நடுத்தட்டே ஓரளவு நிலையானது. ஏறி இறங்கும் ஈரம், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் நிலையாக உள்ள ஈரத்தைவிடக் கெடுதல்.

நினைவுச்சீட்டு

ஒவ்வொரு நறுக்கோடும் அமிலமற்ற தாளில் பென்சிலால் எழுதிய ஒரு சீட்டை வையுங்கள். நாளிதழின் பெயர், தேதி, பக்கம், பதிப்பு ஆகியவை அதன் முதல் வரி. அதற்குக் கீழே, யார் வெட்டியது, ஏன் வெட்டியது, எங்கே கிடைத்தது என்பவற்றை எழுதுங்கள். செய்தி எங்கேயாவது மறுபடி கிடைத்துவிடும். வெட்டியவர் ஏன் வெட்டினார் என்பது வீட்டில் ஓரிருவருக்குத்தான் தெரியும். அவர்கள் இருக்கும்போதே நறுக்குகளை மேசையில் பரப்பி, பக்கத்தில் ஒலிப்பதிவை ஓடவிட்டுக் கேளுங்கள். "இதெல்லாம் எதற்குடா இப்போது?" என்றுதான் அம்மா தொடங்கினார். கடிதத்தைக் காட்டியதும், அது அச்சான நாளில் அப்பா வழக்கம்போல முதல் ஆளாக நாளிதழைப் பிரிக்காமல், அம்மாவே பிரிக்கட்டும் என்று மடித்தபடி வைத்துவிட்டுப் போனார் என்றார். எனக்கு அது தெரியாது. கேள்வியைப் பொதுவாகக் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் நாளிதழ் எப்படி இருந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்வார்கள். யார் முதலில் படிப்பார், எந்தப் பக்கத்தைத் தனியே உருவிக்கொள்வார்கள், பிரித்த பக்கங்களைத் திரும்பச் சேர்க்காமல் போனதற்கு யாருக்குத் திட்டு விழும் என்று கேளுங்கள்.

அப்பாவின் கடிதத்தோடு இருக்கும் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆசிரியருக்குக் கடிதம், பதினோரு வரி. நாளிதழின் பெயர் தெரியவில்லை. 1980 பிப்ரவரி அல்லது மார்ச். முதலெழுத்து அச்சில் தவறு. நீல மைத் திருத்தம் அவர் கைப்பட. அன்று முதலில் பிரித்தது அம்மா. இரண்டாக உடைத்தது நான்."